ரங்கூன் படங்களைப் படிக்கும் முறை: செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களில் உள்ள பழைய நிலக்காட்சிகளுக்கு ஒரு கையேடு

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் வளவில், அதாவது நடு முற்றத்தைச் சூழ்ந்த பகுதியில், ரவிவர்மா அச்சுப் படங்களுக்கும் குடும்பத்துப் பெரியவர்களின் படங்களுக்கும் நடுவே, பழுப்பேறிய சில படங்கள் தொங்குவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஓர் ஏரியும் தொலைவில் புத்த கோயிலின் கூம்பும், தேக்குக் கட்டைகளைத் தந்தத்தால் தூக்கி அடுக்கும் யானைகள், ஆளரவமற்ற அகன்ற சாலையும் அதன் இருபுறத்து மரங்களும் என்று அவற்றில் நிலமும் நகரமுமே இருக்கும். தெரிந்த முகம் ஒன்றும் இல்லாததால் வீட்டார் அவற்றின்முன் நிற்பதில்லை. பங்காளிகளுக்குள் பாகம் பிரியும்போது தூண்களுக்கும் நிலைக்கதவுகளுக்கும் தனித்தனியே விலை பேசுகிறவர்கள், இந்தப் படங்களைச் சட்டத்தின் மதிப்புக்குத் தள்ளிவிடுகிறார்கள். அவற்றுள் சில, 1870-க்கும் 1900-க்கும் இடையில், நம் நகரத்தார் கடை வைத்திருந்த ரங்கூனிலும் கொழும்பிலும் கண்ணாடித் தகட்டில் எடுத்து, முட்டையின் வெள்ளைக்கரு பூசிய தாளில் வெயிலில் அச்சிட்ட அசல் நிழற்படங்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், அது என்ன, எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது என்பதைக் கண்டுபிடிக்கவும், அதைக் கெடாமல் வைத்துக்கொள்ளவும் நான் பின்பற்றும் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, படத்தைக் கழற்றாமல் இருப்பது. பெரும்பாலோர் ஆவலில் உடனே ஆணியிலிருந்து இறக்கிவிடுகிறார்கள். அதற்கு முன்பாக அந்தச் சுவர் முழுவதையும், பக்கத்துப் படங்களோடு சேர்த்து, கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டின் எந்தப் பகுதி, முகப்பா, பட்டாலையா, வளவா, இரண்டாங்கட்டா என்பதையும், எந்தப் பங்காளியின் அறைவாசலுக்கு மேலே தொங்குகிறது என்பதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். இப்படி வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. இத்தகைய படம் ஒவ்வொன்றுக்கும் மூன்று தேதிகள் இருக்கின்றன: நெகட்டிவ் எடுத்த நாள், அதிலிருந்து இந்தப் பிரதி அச்சான நாள், பிரதி இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த நாள். அக்கால ஸ்டூடியோக்கள் ஒரு தகட்டை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பிரதி போட்டு விற்றன. கடை கைமாறும்போது தகடுகளும் சேர்ந்து கைமாறின. ஆகவே 1875-இல் எடுத்த காட்சியை 1890-இல் அச்சிட்டு 1900-இல் ஒருவர் வாங்கியிருக்கலாம். முதல் இரண்டு தேதிகளை வெளிநாட்டு நூலகங்களில் உள்ள பிரதிகளோடு ஒப்பிட்டு நெருங்கிவிடலாம். மூன்றாவதைச் சொல்லக்கூடியது இந்தச் சுவரும் இந்த வீட்டு மனிதர்களும் மட்டுமே. இடம் மாற்றியவுடன் அந்தச் சாட்சியம் போய்விடுகிறது.

சட்டமே சில சமயம் தேதி சொல்லும். ரவிவர்மாவின் அச்சகம் தொடங்கியது 1894-இல். அந்த அச்சகத்துப் படத்துக்கும் பக்கத்திலுள்ள ரங்கூன் காட்சிக்கும் ஒரே வகைச் சட்டம், ஒரே வகைக் கொக்கி, ஒரே வகைப் பின்பலகை இருக்குமானால், இரண்டையும் ஒரே சமயத்தில் சட்டமிட்டிருக்கிறார்கள் என்றும், அது 1894-க்குப் பிறகே நடந்திருக்கும் என்றும் ஓரளவு உறுதியாகக் கருதலாம்.

இறக்கும்போது இருவர் வேண்டும். கம்பியும் கயிறும் நூறாண்டுத் துருவில் இற்றுப்போயிருக்கும் என்பதால், ஒருவர் சட்டத்தின் அடியைத் தாங்கிக்கொள்ள வேண்டும். சுத்தமான பருத்தித் துணியை மேசையில் விரித்து, படத்தைக் கவிழ்த்து வைத்து, முதலில் முதுகைப் படியுங்கள். பின்பலகைக்கு உள்ளே ஒட்டிய பழைய செய்தித்தாள், சட்டம் போட்டவரின் சிறு சீட்டு, பென்சிலில் எழுதிய எண், மையில் எழுதிய விலாசம் ஆகிய எல்லாமே சான்றுகள். கடையின் பெயராகப் பெரியவர்களின் முதலெழுத்துகளை அடுக்கி எழுதும் நமது விலாசம் அங்கே இருந்தால், எந்தக் கடைக்காக, எந்த ஊர்ப் புள்ளி, அதாவது குடும்பம், வாங்கியது என்பதை வீட்டுக் கணக்கேடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். செய்தித்தாளைக் கிழித்துப் போடாமல், தேதி தெரியும் பகுதியைப் படம் எடுத்து, தாளையும் உறையில் பத்திரப்படுத்துங்கள்.

கண்ணாடியோடு தாள் ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பல ஆண்டுகளுக்கு முன், அட்டையில் ஒட்டியிருந்த ஒரு படத்தின் மூலையில் படிந்த அழுக்கைத் துடைக்க ஈரப் பஞ்சை வைத்தேன். அழுக்கோடு படமும் பஞ்சில் வந்துவிட்டது. ஏரிக்கரையின் இடப்பக்கத்து மரம் ஒன்று இன்று அந்தப் படத்தில் இல்லை. வெள்ளைக்கருப் படலம் ஈரம் பட்டால் ஊறும், இளகும், தாளை விட்டு எழும்பும் என்பதை அன்று நான் அறிந்திருக்கவில்லை. கண்ணாடியில் ஒட்டிய படத்தைப் பிரிப்பது பயிற்சி பெற்ற பாதுகாப்பு வல்லுநரின் வேலை. அதுவரை கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுத்து, கண்ணாடியோடு சேர்த்தே வைத்துவிடலாம்.

அடுத்து, இது எந்த வகைப் பிரதி என்று தெரிய வேண்டும். வைரம் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் இதற்குப் போதும். காரைக்குடியில் அதற்குப் பஞ்சமில்லை. லென்ஸை வைத்துப் பார்க்கும்போது வரிசை வரிசையாகச் சிறு புள்ளிகள் தெரிந்தால் அது பத்திரிகையிலோ புத்தகத்திலோ அச்சான படம். புள்ளிகள் இல்லாமல், புழுக்கள் நெளிவதுபோன்ற ஒழுங்கற்ற நுண்கோடுகள் தெரிந்தால், கொலோடைப் என்ற மை அச்சு முறையில் வந்திருக்கலாம். பழைய அஞ்சலட்டைகள் பல இவ்வகை. இரண்டும் இல்லாமல், மெல்லிய பளபளப்புக்கு அடியில் தாளின் நார்களே கண்ணுக்குத் தெரிந்து, நிழல் பகுதிகள் ஊதா கலந்த பழுப்பாகவும் வெளிச்சப் பகுதிகள் மஞ்சளாகவும் இருந்து, மேற்பரப்பில் மயிரிழை விரிசல்கள் ஓடினால், பெரும்பாலும் அது ஆல்புமின் பிரதி, அதாவது வெள்ளைக்கரு பூசிய தாளில் அச்சிட்டது. தாள் மிக மெல்லியது, தானாகச் சுருண்டுகொள்ளக்கூடியது. அதனால்தான் எப்போதும் கெட்டி அட்டையில் ஒட்டினார்கள். நார்கள் தெரியாமல் வழவழப்பாக, கறுப்பு வெள்ளையாக, ஓரங்களில் வெள்ளி பூத்ததுபோல மினுங்கினால், அது பிற்கால ஜெலட்டின் தாள்; பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

ஆல்புமின் தாளை 1850-இல் அறிமுகப்படுத்தியவர் பிரான்சைச் சேர்ந்த பிளாங்கார் எவரார். வெள்ளைக்கருவில் உப்புக் கலந்து நுரைக்க அடித்து, தெளிய வைத்து, அதன்மேல் தாளை மிதக்கவிட்டுக் காயவைப்பார்கள். பிறகு வெள்ளி நைட்ரேட் கரைசலில் மிதக்கவிட்டால் தாள் ஒளியை உணரத் தொடங்கும். கண்ணாடி நெகட்டிவை அதன்மேல் அழுத்தி வெயிலில் வைத்தால் படம் தானாகக் கறுத்து வரும். தங்கக் குளோரைடு கரைசலில் தோய்த்து நிறத்தை நிலைப்படுத்துவார்கள். வீட்டுச் சுண்ணாம்புச் சாந்திலும் வெள்ளைக்கருவைக் கலந்து, கண்ணாடிபோல மின்னும்வரை தேய்த்த ஊர் நம்முடையது. பள்ளத்தூரில் ஒரு வீட்டில், இறக்கிய படத்தைச் சாய்வெயிலில் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தபோது, இரண்டிலும் ஒரே மிதமான ஒளியும் ஒரே மாதிரியான மயிரிழை விரிசல்களும் இருந்தன. அந்தப் பளபளப்பை ஒரு முறை கண்ணில் வாங்கிக்கொண்டால் பிறகு ஆல்புமினை அடையாளம் காண லென்ஸ்கூடத் தேவைப்படாது.

நெகட்டிவைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொண்டால் படத்தில் உள்ள பல புதிர்கள் அவிழும். 1851-இல் இங்கிலாந்தின் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றி, வெள்ளிக் கரைசலில் நனைத்து, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள்ளேயே கழுவியாக வேண்டும். கால்மணி நேரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். ரங்கூன் வெயிலில் அதற்கும் குறைவு. ஆகவே படம் எடுப்பவர் இருட்டுக் கூடாரம், மருந்துப் பெட்டி, கண்ணாடித் தகடுகள், தண்ணீர் எல்லாவற்றையும் கூலியாட்களின் தலையில் ஏற்றிக்கொண்டே ஏரிக்கரைக்குப் போனார். படத்தைப் பெரிதாக்கிப் போடும் வழக்கம் அன்று இல்லை. பிரதியின் அளவே தகட்டின் அளவு. எட்டுக்குப் பத்து அங்குலத்தில் ஒரு படம் இருந்தால், அந்த அளவுக் கண்ணாடியே அந்தக் கரையில் நின்றிருக்கிறது.

ஈரத் தகடு நீலத்தை மட்டுமே நன்றாக உணரும். அதனால் வானம் வெறும் வெள்ளையாகவும் பச்சை மரங்கள் கன்னங்கரேலென்றும் விழும். வெள்ளை வானத்தைப் பார்த்துப் படம் மங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அழகான மேகங்கள் இருந்தால்தான் ஐயப்பட வேண்டும். அவை வேறொரு நெகட்டிவிலிருந்து சேர்த்தவையாக இருக்கலாம். அதேபோல ஆளில்லாத சாலை உண்மையில் ஆளில்லாத சாலை அன்று. ஒளிபடும் நேரம் சில நொடிகள் நீண்டதால் நடந்துகொண்டிருந்தவர்கள் பதியவில்லை. லென்ஸை வைத்துச் சாலையின் ஓரத்தைப் பாருங்கள்: முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும் தெளிவாகவும், மேலே புகைபோல ஓர் உருவமும் தெரியும், சற்று நின்று, பிறகு நகர்ந்த ஒருவர் அவர். நான் பார்த்த ஒரு படத்தில் மாட்டு வண்டியின் சக்கரமும் நுகத்தடியும் கூர்மையாக இருக்க, மாட்டின் தலை மட்டும் கலைந்திருந்தது. ஈ விரட்டத் தலையை ஆட்டியிருக்க வேண்டும். 1880-ஐ ஒட்டிக் காய்ந்த ஜெலட்டின் தகடுகள் விற்பனைக்குப் பரவலாக வந்த பின்னரே நடக்கும் மனிதர்கள் நடக்கிறபடி விழத் தொடங்கினார்கள். ஆகவே சந்தைக் கூட்டம் தெளிவாகப் பதிந்த படம் அந்தக் காலத்துக்குப் பிந்தியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதற்கும் முந்திய தலைமுறை காகித நெகட்டிவ். மதராஸ் ராணுவத்தைச் சேர்ந்த லின்னேயஸ் ட்ரைப் 1855-இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவோடு போய் இம்முறையில் படம் எடுத்தார். மெழுகிட்ட காகிதத்தில் வானம் வெறுமையாக விழுந்தபோது, நெகட்டிவிலேயே தூரிகையால் மேகங்களைத் தீட்டினார். பிறகு மதராஸ் மாகாண அரசின் நிழற்படக்காரராக 1857, 1858 ஆண்டுகளில் மதுரை, புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சாவூர் என்று நம் பக்கமே சுற்றியிருக்கிறார். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு வரிகளை 21 படங்களாக எடுத்து ஒரே நீளச் சுருளாக ஒட்டினார். அவர் படங்கள் வீட்டுச் சுவரில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் அருங்காட்சியகங்கள் இணையத்தில் இட்டுள்ள அவற்றைப் பார்த்துவிட்டு ரங்கூன் படத்துக்குத் திரும்பினால், கண்ணாடித் தகடு எவ்வளவு கூர்மையைக் கொண்டுவந்தது என்பது விளங்கும்.

படத்தின் அடியில் வெள்ளை எழுத்தில் ஓர் எண்ணும் ஆங்கிலத் தலைப்பும் ஒரு பெயரும் இருக்கும். நெகட்டிவில் மையால் இடவலம் மாற்றி எழுதியதால் அந்த இடத்தில் ஒளி புகாமல் பிரதியில் வெள்ளையாக விழுகிறது. ரங்கூன் படங்களில் அதிகம் எதிர்பார்க்க வேண்டிய பெயர் கிளியர். ஜெர்மனியிலிருந்து வந்த பிலிப் அடால்ப் கிளியர் முதலில் மோல்மேனிலும், 1880-ஐ ஒட்டிய காலம் முதல் ரங்கூனிலும் ஸ்டூடியோ நடத்தினார். சில ஆண்டுகள் ஜாக்சன் என்பவரோடு கூட்டாகவும் தொழில் செய்தார். மாந்தலே காட்சியாக இருந்தால் பீட்டோ என்ற நிழற்படக்காரரை நினைக்கலாம். 1885 போருக்குப் பின் அங்கே வந்து தங்கியவர் அவர். கொழும்பு, கண்டிப் படங்களில் ஸ்கீன், ஸ்கோவன் என்ற பெயர்களையும், சிங்கப்பூர்ப் படங்களில் லாம்பர்ட் என்ற பெயரையும் தேடுங்கள். பெயர் இல்லாவிட்டால் எண்ணையும் தலைப்பின் எழுத்து வடிவத்தையும் பெயருள்ள வேறொரு பிரதியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் தலைப்பை அப்படியே நம்பிவிடக் கூடாது. தகடு கைமாறியபோது பழைய பெயரைச் சுரண்டிவிட்டுப் புதுப் பெயர் எழுதியதும் உண்டு. சுரண்டிய இடம் பிரதியில் கரிய திட்டாகத் தெரியும்.

முதல் தேதியை நெருங்க நம்பகமான வழி கட்டடங்கள். ரங்கூனில் ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டியது 1886-இல், கட்டி முடிந்தது 1894-இல். பாதி எழுந்த நிலையில் அது படத்தில் இருந்தால் எட்டாண்டு இடைவெளிக்குள் வந்துவிடுகிறோம். ஸ்டிராண்ட் ஹோட்டல் 1901-இல் திறந்தது. உயர் நீதிமன்றத்தின் கோபுரம் தெரிந்தால் படம் இருபதாம் நூற்றாண்டுக்கு வந்துவிட்டது. அது 1911-இல்தான் முடிந்தது. ஷ்வேடகோன் என்ற புத்த கோயிலின் (பகோடாவின்) உச்சியில் இருக்கும் குடையைப் பர்மாவின் மின்டோன் மன்னர் 1871-இல் புதிதாகச் செய்து அனுப்பினார். கூம்பின் நுனி கூர்மையாக விழுந்திருந்தால், அதன் வடிவத்தைத் தேதி தெரிந்த பிற படங்களோடு ஒப்பிடலாம். கொழும்பைப் பொறுத்தவரை, கோட்டைச் சுவர்களை 1869 முதல் இடித்தார்கள்; 1857-இல் கட்டிய மணிக்கூண்டின் தலையில் 1867-இல் கலங்கரை விளக்கு ஏற்றினார்கள்; துறைமுகத்தின் அலைதாங்கிச் சுவருக்கு 1875-இல் கல் நாட்டி 1885-இல் முடித்தார்கள். அலைதாங்கி எவ்வளவு தூரம் கடலுக்குள் நீண்டிருக்கிறது என்பதை வைத்தே அந்தப் பத்தாண்டுக்குள் ஆண்டை நெருங்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. படத்தில் ஒரு கட்டடம் இருந்தால், அது கட்டிய பிறகே படம் எடுத்தது என்பது உறுதி. ஒரு கட்டடம் இல்லை என்பதால் மட்டும் படம் அதற்கு முந்தியது ஆகிவிடாது. படம் எடுத்தவர் நின்ற இடத்திலிருந்து அந்த மனை கண்ணில் பட்டிருக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்குப் பழைய நகர வரைபடத்தை விரித்து, படத்தில் தெரியும் இரண்டு கட்டடங்களைக் கோடிட்டு இணைத்து, அவர் நின்ற இடத்தைக் கண்டுபிடியுங்கள். ரங்கூன் மையப் பகுதியை 1852-க்குப் பிறகு ஆங்கிலேயர் சூலே பகோடாவை நடுவாக வைத்துச் சதுரங்கக் கட்டம்போல அமைத்ததால் இந்த வேலை அங்கே சுலபம். நிழலும் உதவும்: குளிர்காலத்தில் அங்கே நண்பகல் நிழல் வடக்கே சாயும் என்பதால், நிழலைப் பார்த்துக் கேமராவின் திசையைச் சொல்லிவிடலாம். மே மாதக் கடைசியில் தொடங்கி அக்டோபர்வரை அங்கே அடைமழை; வெயில் பளீரென்று அடிக்கும் படங்களில் பெரும்பாலானவை மற்ற மாதங்களில் எடுத்தவையாகவே இருக்கும்.

இந்த வேலையில் இறங்கிய பிறகு என்னை விடாமல் உறுத்தும் ஒன்று உண்டு. நான் பார்த்த படங்களில் ஏரியும் தோட்டமும் தேவாலயமும் பகோடாவும் மரக்கிட்டங்கியும் திரும்பத் திரும்ப வருகின்றன. நம்மவர் கடை வைத்திருந்த ரங்கூன் மொகல் தெருவும், கொழும்புச் செட்டியார் தெருவும் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. கப்பலில் வந்து போகும் பயணிகளுக்கும் அதிகாரிகளுக்கும் விற்க எடுத்த காட்சிகள் இவை. பெட்டியடியில் சம்மணமிட்டுக் கணக்கெழுதியவர்களின் தெருவை வாங்க ஆளில்லை என்று ஸ்டூடியோக்காரர் கருதியிருக்கலாம். இருந்தும் கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்யச் சென்ற நம்மவர், மூன்றாண்டுக் கணக்கு முடித்துத் திரும்பும்போது, தாங்கள் தங்கிய தெரு இல்லாத இந்தப் படங்களைக் காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் வீட்டில் உள்ளது தெருக் காட்சியாக இருந்தால், பெயர்ப் பலகைகளையும் திண்ணைகளையும் மற்றவற்றைவிட நிதானமாகப் பாருங்கள்.

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்பதற்கு, முன்னோருக்குப் படையலிடும் படைப்பு நாள் போல வேறு நாள் வாய்க்காது. பங்காளிகள் எல்லோரும் கூடியிருப்பார்கள். ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக்கொடுப்பார். தேதி கேட்க வேண்டாம். “இந்தப் படம் எப்பவும் இங்கேயேதான் இருந்துச்சா, அப்பத்தா?” என்று கேளுங்கள். அப்படிக் கேட்டபோதுதான் ஒருவர், “இல்லப்பா, இது ஐயா கலியாணத்துக்கு முகப்புல மாட்டுனது, மேமாடி கட்டுனப்ப உள்ள வந்துருச்சு” என்றார். அந்தத் திருமணத்தின் இசைகுடிமான ஓலை, அதாவது திருமண ஒப்பந்தப் பத்திரம், அந்த வீட்டில் இருந்தது. மூன்றாவது தேதிக்கு அதைவிட நல்ல ஆதாரம் வேறென்ன வேண்டும்?

பிரதி எடுப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தனித் தாளோ அட்டையோ ஆனால் ஸ்கேனரில், அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில், டிஃப் கோப்பாக, வண்ணத்தில் எடுங்கள். பழுப்பும் மஞ்சளும் சான்றுகள் என்பதால் கறுப்பு வெள்ளையாக மாற்ற வேண்டாம். அட்டையின் ஓரம்வரை, முதுகையும் சேர்த்து, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுங்கள். சட்டத்தை விட்டு வராத படமானால், நிழல் விழும் முற்றத்தில் வைத்து, எதிரே கறுப்புத் துணி பிடித்து, கேமராவை நேர்குத்தாக நிறுத்தி எடுத்தால் கண்ணாடிப் பளபளப்பு குறையும். பிறகு ஒரு முறை பக்கவாட்டில் விளக்கை வைத்து, விரிசலும் மேடுபள்ளமும் தெரியும்படி எடுத்து வையுங்கள். பத்தாண்டு கழித்துப் படம் மேலும் கெட்டிருக்கிறதா என்று பார்க்க அது ஒன்றே வழி.

அசலைத் திரும்ப வளவில் மாட்ட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் முற்றத்துச் சாரலும், மற்ற மாதங்களில் மேலிருந்து இறங்கும் வெளிச்சமும் சேர்ந்து அந்தச் சுவர்களில் ஆல்புமினை மங்கவைக்கின்றன. அமிலமற்ற தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் கிடையாக வைத்து, வெளிச்சுவரைத் தொடாத ஓர் உள்ளறை அலமாரியின் நடுத்தட்டில் வையுங்கள். கீழ்த்தட்டுக்குக் கரையான் வரும், மேல்தட்டு ஓட்டுச் சூட்டில் காயும். சுருண்ட தாளை அழுத்தி நிமிர்த்தக் கூடாது. வெள்ளைக்கருப் படலம் ஒடிந்துவிடும். பிசின் நாடா, பி.வி.சி. உறை, ரப்பர் வளையம் எதுவும் கூடாது. ஒட்டுப் பசைக்கும் வெள்ளைக்கருவுக்கும் இராமபாணப் பூச்சி வரும் என்பதால், மாதம் ஒரு முறை பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். வசம்போ நொச்சியிலையோ போடுவதானால் அலமாரியில் போடுங்கள், பெட்டிக்குள் வேண்டாம்.

சுவர் வெறுமையாகிவிடுமே என்று பெரியவர்கள் வருந்துவார்கள். அது நியாயமான வருத்தம். ஸ்கேன் செய்த கோப்பிலிருந்து அதே அளவில் ஒரு பிரதி போட்டு, பழைய சட்டத்திலேயே வைத்து, அதே ஆணியில் மாட்டிவிடுங்கள். பின்பலகையின் உட்புறத்தில், அசல் எந்த அறையில் இருக்கிறது, மூன்று தேதிகளில் எவை தெரிந்தன, யார் சொன்னார்கள், எந்த நாளில் இறக்கினீர்கள் என்பதைப் பென்சிலால் தமிழில் எழுதி வையுங்கள்.